நோட்டை நோக்கும் ஒளி உணரி

பாலக்காடு மாவட்டம் சிற்றூர் வட்டத்திலுள்ள முதலமடை, மாம்பழ நகரம் எனப் பெயர் பெற்றது. நாட்டின் பிற பகுதிகளுக்கு முன்னரே இங்கு மா அறுவடை தொடங்கிவிடும். பருவ காலத்தில் தோப்புகளிலும் மண்டிகளிலும் கைமாறும் ரொக்கம் வங்கிக்கு வரும்போது, காசாளரின் கண்ணோடு மற்றொரு கண்ணும் அதைப் பார்க்கிறது. நோட்டுப் பரிசோதனை இயந்திரத்தினுள் அமைந்த ஒளி உணரியே அது.

இயங்கும் முறை

சில பொருள்களின்மீது ஒளி பட்டால் அவற்றில் எலக்ட்ரான்கள் விடுபட்டு, மின்சாரம் எளிதாகப் பாயும். செலினியத்தின் இப்பண்பை, கடலடித் தந்திக் கம்பிகளைச் சோதித்துவந்த ஆங்கிலப் பொறியாளர் வில்லோபி ஸ்மித் 1873-இல் அறிவித்தார். இன்று காட்மியம் சல்பைடு மின்தடையும் சிலிக்கான் ஒளி டையோடும் பெருவழக்கில் உள்ளன. முன்னது மலிவானது, சற்று மெதுவானது. அந்தியில் தெருவிளக்கை ஏற்றுவதற்கு அது போதும். பின்னது மிக விரைவாக உணர்வது. ஆலைகளுக்கும் வங்கிகளுக்கும் ஏற்றது.

ஆலையில்

அரிசி ஆலையில் சரிவில் விழும் மணிகளை உணரிகள் நோக்குகின்றன. கறுத்த மணி தென்பட்டதும் காற்றுப் பீச்சு அதனை மட்டும் விலக்குகிறது. அகச்சிவப்பு ஒளியைச் செலுத்தி, பழத்தை அறுக்காமலே அதன் இனிப்பை மதிப்பிடும் கருவிகளும் உள்ளன.

வங்கியில்

சாதாரணத் தாளில் வெண்மையூட்டும் வேதிப்பொருள் கலந்திருப்பதால் புறஊதா ஒளியில் அது நீலமாக ஒளிரும். பருத்தி இழையாலான நோட்டுத் தாள் அவ்வாறு ஒளிராது. அதன் வரிசை எண்கள் ஒளிரும். இவ்வேறுபாட்டை உணரி அளக்கிறது. சட்டைப் பையிலிருந்து சலவைத்தூளில் நனைந்த நல்ல நோட்டும் ஒளிர்ந்து ஐயத்திற்கு உள்ளாகலாம். ஆகவே நீர்க்குறி, பாதுகாப்பு இழை முதலியவற்றையும் சேர்த்தே முடிவு செய்யப்படுகிறது.

வங்கி முகப்பில் கள்ளநோட்டு எனக் கண்டறியப்பட்டது பறிமுதல் செய்யப்படும். ஒப்புகைச் சீட்டு கிடைக்கும், ஈடாகப் பணம் கிடைக்காது. ஓராண்டு உழைப்பின் பலனில் ஒரு பகுதி அவ்வாறு கரைந்துவிடக் கூடும். ஆதலின் மண்டியிலேயே 500 ரூபாய் நோட்டைச் சாய்த்து, பாதுகாப்பு இழை பச்சையிலிருந்து நீலமாக மாறுகிறதா எனப் பாருங்கள். பெருந்தொகையாயின் வங்கிக் கணக்கிலேயே பெற்றுக்கொள்வது நலம்.