ஆங்கிலக் கூட்டுவினைகளும் தமிழ் மாணவர்களும்

மொழியைக் கற்பது வேறு. மொழியில் புழங்குவது வேறு. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு, தேசிய இடைநிலைப்பள்ளியில் ஐந்தாண்டு என ஆங்கிலத்தை ஒரு பாடமாகவே பயின்று வந்தவர்கள் நம்மில் பலர். கட்டுரை எழுதச் சொன்னால் எழுதிவிடுவோம். 'போஸ்ட்போன்', 'டாலரேட்', 'எக்ஸ்டிங்குவிஷ்' போன்ற கனமான சொற்களும் நமக்குத் தெரியும். ஆனால், தொழிற்பயிற்சி இடத்திலோ நேர்முகத் தேர்விலோ வாய் திறக்க வேண்டும் என்றால் தயங்கி நிற்கிறோம்.

காரணம் என்ன? அன்றாட ஆங்கிலம் கனமான சொற்களால் ஆனதன்று. மேற்கண்ட மூன்று சொற்களையே எடுத்துக்கொள்வோம். பேச்சில் அவை 'புட் ஆஃப்' (ஒத்திவை), 'புட் அப் வித்' (சகித்துக்கொள்), 'புட் அவுட்' (தீயை அணை) என்று வரும். மூன்றிலும் வினை ஒன்றுதான். பின்னால் வரும் சிறு சொல்லே பொருளை மாற்றுகிறது. இத்தகைய கூட்டுவினைகளில் 'இட்', 'ஹிம்', 'தெம்' போன்ற மூவிடப்பெயர் எங்கே நிற்க வேண்டும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இது நமக்கு மட்டும் உள்ள இடர்ப்பாடு என்று எண்ண வேண்டா. 1755-ஆம் ஆண்டு தாம் வெளியிட்ட அகராதியின் முன்னுரையிலேயே சாமுவேல் ஜான்சன், அயல்மொழியினருக்கு மிகுந்த தொல்லை தருவது இவ்வகை வினைகளே என்று குறிப்பிட்டுள்ளார். இவற்றுக்கு ஆங்கிலத்தில் இன்று வழங்கும் 'ஃப்ரேசல் வெர்ப்' என்ற பெயர், லோகன் பியர்சால் ஸ்மித் 1925-இல் வெளியிட்ட நூலின் வழியாகப் பரவியது.

1. விதி

பெயர்ச்சொல் செயப்படுபொருளாக வந்தால் இரண்டு இடங்களிலும் நிற்கலாம். 'பிக் அப் த புக்' என்பதும் சரி. 'பிக் த புக் அப்' என்பதும் சரி. மூவிடப்பெயர் வந்தால் ஓர் இடம்தான் உண்டு. 'பிக் இட் அப்' என்பதே சரி. 'பிக் அப் இட்' என்பது பிழை. 'ஸ்விட்ச் இட் ஆஃப்', 'த்ரோ தெம் அவே', 'வேக் ஹிம் அப்' ஆகியவையும் இவ்வாறே.

ஆனால், 'லுக் ஆஃப்டர்' (கவனித்துக்கொள்) என்னும் வினையில் 'லுக் ஆஃப்டர் ஹிம்' என்பதே சரி. 'லுக் ஹிம் ஆஃப்டர்' என்று யாரும் சொல்வதில்லை. ஏன் இந்த வேறுபாடு? 'பிக் அப்' என்பதில் வரும் 'அப்' வினையடை. அது வினையோடு சேர்ந்தது. 'லுக் ஆஃப்டர்' என்பதில் வரும் 'ஆஃப்டர்' முன்னிடைச்சொல். அது தனக்குப் பின்வரும் பெயரோடு சேர்ந்தது. தமிழில் வேற்றுமை உருபு பெயரின் பின்னால் ஒட்டும். ஆங்கிலத்தில் முன்னிடைச்சொல் பெயரின் முன்னால் நிற்கும். உருபைப் பெயரிலிருந்து பிரிக்க முடியுமா? அதுபோலத்தான் இதுவும்.

2. எது வினையடை, எது முன்னிடைச்சொல்?

இச்சிறு சொற்களை மூன்றாகப் பிரித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

அ) 'அவே', 'பேக்' ஆகியவை வினையடைகள். 'அவுட்' என்பதும் பெரும்பாலும் அப்படியே. இவற்றோடு மூவிடப்பெயர் நடுவில் வரும்: 'கிவ் இட் பேக்'.

ஆ) 'அட்', 'ஃபார்', 'ஃப்ரம்', 'வித்', 'இன்டு' ஆகியவை முன்னிடைச்சொற்கள். மூவிடப்பெயர் இவற்றின் பின்னால் வரும்: 'வெயிட் ஃபார் மீ'. 'புட் அப் வித்' போன்ற மூன்று சொல் வினைகளில் இறுதியில் நிற்பது முன்னிடைச்சொல். ஆகவே, 'புட் அப் வித் இட்' என்றே சொல்ல வேண்டும்.

இ) 'அப்', 'டவுன்', 'ஆன்', 'ஆஃப்', 'இன்', 'ஓவர்', 'த்ரூ' ஆகியவை இரண்டு விதமாகவும் வரும். இங்கேதான் கவனம் தேவை. 'டர்ன் இட் ஆன்' என்றால் அதை முடுக்கிவிடு என்று பொருள். 'டர்ன் ஆன் ஹிம்' என்றால் அவன்மீது திடீரெனப் பாய்வது.

இடம் மாறினால் பொருளே தலைகீழாகும் என்பதற்கு ஒரு சான்று போதும். 'சீ ஹிம் த்ரூ' என்றால், துன்பத்தில் இருப்பவன் கரைசேரும்வரை துணைநிற்பது. 'சீ த்ரூ ஹிம்' என்றால், அவன் போடும் வேடத்தைக் கண்டுகொள்வது. சொற்கள் அதே மூன்றுதாம். உதவ நினைத்துச் சொன்னது குற்றம் சாட்டுவதாக முடிந்துவிடக்கூடும் அல்லவா?

3. ஏன் நடுவில்?

விதியை மனப்பாடம் செய்வதைவிடக் காரணத்தை அறிவது நல்லது. தம்பி புத்தகத்தைக் கீழே போட்டுவிடுகிறான். அம்மா, "எடுடா" என்கிறார். எதை எடுப்பது என்று இருவருக்கும் தெரியும். ஆகவே, தமிழில் 'அதை' என்ற சொல் தேவைப்படுவதில்லை. தெரிந்ததை விட்டுவிடுவது தமிழின் இயல்பு.

ஆங்கிலம் பெரும்பாலும் அப்படி விடாது. செயப்படுபொருளைச் சொல்லியே ஆக வேண்டும். ஆனால், தெரிந்த பொருளுக்கு அழுத்தம் தருவதும் வீண். ஆங்கிலத்தில் வாக்கியத்தின் இறுதியிடம் பொதுவாகப் புதிய செய்திக்கும் அழுத்தத்திற்கும் உரியது. எனவே, எடை குறைந்த 'இட்' நடுவில் ஒடுங்கிக்கொள்கிறது. அழுத்தம் பெறும் 'அப்' இறுதியில் நிற்கிறது. மாறாக, செயப்படுபொருள் நீளமாக இருந்தால் அது இறுதிக்குச் செல்லும். 'பிக் அப் த புக்ஸ் தட் யூ லெஃப்ட் ஆன் த டேபிள்' என்பதே காதுக்கு இயல்பாக இருக்கும்.

பேசும்போது இச்சொற்கள் தனித்தனியாக ஒலிப்பதில்லை. 'பிக்', 'இட்', 'அப்' மூன்றும் சேர்ந்து 'பிக்கிட்டப்' போல ஒரே மூச்சில் வரும். மெய்யின்மேல் உயிர் ஏறுவதை நன்னூலில் புணர்ச்சி என்று படித்த நமக்கு இது புதுமையன்று. ஆங்கிலத்தில் மெய் இரட்டிப்பதில்லை என்பது மட்டுமே வேறுபாடு. இந்த ஒலிச்சேர்க்கை தெரியாததால்தான் விரைவான பேச்சில் 'இட்' நம் காதில் விழாமல் போகிறது. காதில் விழாதது வாயிலும் வருவதில்லை.

4. தமிழில் இதற்கு இணை உண்டா?

உண்டு. 'டிரிங்க் இட் அப்' என்பதில் 'அப்' என்பதற்கு 'மேலே' என்று பொருள் கொண்டால் ஒன்றும் விளங்காது. 'குடித்துவிடு' என்பதில் வரும் 'விடு' எதையாவது கைவிடுவதைக் குறிக்கிறதா? செயல் முற்றுப்பெற வேண்டும் என்பதையே குறிக்கிறது. இங்கே 'அப்' செய்யும் வேலையும் அதுவே. துணைவினையை அறிந்த தமிழ் மாணவருக்குக் கூட்டுவினை அந்நியமானதன்று.

நம் நாட்டுப் பேச்சையும் இங்குக் குறிப்பிட வேண்டும். 'ஆஃப் த லைட்', 'ஆன் த ஃபேன்' என்று எல்லா இனத்தவரும் சொல்கிறோம். 'க்ளோஸ் த லைட்' என்பதும் உண்டு. மலாயில் 'துத்துப் லம்பு' என்பதன் சாயல் அது. நண்பர்களிடையே இவற்றால் குறையொன்றுமில்லை. ஆனால், 'முவெட்' எனப்படும் மலேசியப் பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வின் பேச்சுப் பிரிவிலும், வெளிநாட்டவரோடு பணிபுரியும் இடத்திலும் 'ஸ்விட்ச் இட் ஆஃப்' என்ற வடிவம் கைவசம் இருக்க வேண்டும். இரண்டையும் இடமறிந்து பயன்படுத்துவதே திறமை.

5. பயிற்சி

கீழ்க்காணும் வினைகளோடு மூவிடப்பெயரைச் சேர்த்து, வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். விடைகள் இறுதியில் உள்ளன.

1. பாரத்தை நிரப்பு: 'ஃபில் இன்' + 'இட்'
2. பேருந்துக்காகக் காத்திரு: 'வெயிட் ஃபார்' + 'இட்'
3. கூட்டத்தை ரத்து செய்: 'கால் ஆஃப்' + 'இட்'
4. பாட்டியைக் கவனித்துக்கொள்: 'லுக் ஆஃப்டர்' + 'ஹர்'
5. முகவரியை எழுதிக்கொள்: 'ரைட் டவுன்' + 'இட்'
6. விழாவை ஆவலோடு எதிர்பார்: 'லுக் ஃபார்வர்ட் டு' + 'இட்'

தமிழ்ப்பள்ளியில் படித்தால் ஆங்கிலம் வராது என்ற பேச்சை நாம் கேட்டு வளர்ந்திருக்கிறோம். வேற்றுமை உருபு, துணைவினை, புணர்ச்சி என்று நாம் அங்கே கற்ற இலக்கணமே இந்தப் பாடத்தைத் திறந்துகாட்டியது என்பதை எண்ணிப் பாருங்கள். ஒரு மொழியின் இலக்கணத்தை ஆழக் கற்றவருக்கு மற்றொரு மொழியின் கதவும் திறக்கும். இனி வேண்டியது பழக்கம் ஒன்றே. நாளைக்கு ஒரு கூட்டுவினை என எடுத்துக்கொண்டு, வகுப்பிலும் விடுதியிலும் தயங்காமல் பேசிப் பழகுவோம்.

விடைகள்: 1. 'ஃபில் இட் இன்' 2. 'வெயிட் ஃபார் இட்' 3. 'கால் இட் ஆஃப்' 4. 'லுக் ஆஃப்டர் ஹர்' 5. 'ரைட் இட் டவுன்' 6. 'லுக் ஃபார்வர்ட் டு இட்'