பெயர் நாட்டும் நெறி

பெயர் எல்லார்க்கும் பெற்றோர் இடுவது. அப்பெயரைக் கேட்ட மாத்திரத்தே, இவர் இன்ன துறையில் வல்லர், இவர் கைப்பட்டது நம்பத்தக்கது என்னும் எண்ணம் பிறர் மனத்தில் எழுமாயின், அதனை அவர் தாமே நாட்டிக்கொண்டார் என்பது பொருள். வணிகர் பண்டத்தின்மேற் குறியிடுதல்போல ஒவ்வொருவரும் தமக்கொரு குறியை ஆக்கிக்கொள்ளல் வேண்டுமென இக்காலத்தார் வற்புறுத்தி, அதனைத் தனியாள் 'பிராண்டு' என்பர். சொல் புதிது, பொருள் பழையது. கல்லூரி வாயிலைக் கடந்து செல்லும் இளைஞருட் பலர் இதனை விளம்பரமென மயங்குகின்றமையின், நம்மவருள் மெய்யாகவே பெயர் நாட்டிய ஒருவரது வரலாற்றை எடுத்து ஆராய்வாம்.

சிறுப்பிட்டியில் 1832 ஆம் ஆண்டு பிறந்தவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. வட்டுக்கோட்டைச் செமினரியிற் பயின்றவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவர். அரசாங்கக் கணக்குச் சாலையில் நெடுங்காலம் உத்தியோகம் வகித்தவர். சட்டமும் கற்றுப் பின்னாளிற் புதுக்கோட்டையில் நீதிபதியாய் அமர்ந்தவர். இப்பதவிகளை அவர்க்கு முன்னும் பின்னும் வகித்தார் பலர்; அவர்தம் பெயரை இன்று யார் அறிவார்? இவர் பெயர் நிற்பது பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தமையினாலேயாம்.

தமிழின்மேற் பற்றுடையார் அக்காலத்தும் பலர் இருந்தனர். விருப்பம் ஒன்றே போதும் என்பாரது கொள்கை எமக்கு உடன்பாடன்று. விருப்பத்தோடு அதற்கேற்ற ஆற்றலும் சேர்ந்திருத்தல் வேண்டும். இளமையிற் சுன்னாகம் முத்துக்குமார கவிராயரிடம் கேட்ட இலக்கணம் அவர்க்குக் கருவியாயிற்று. ஆங்கிலக் கல்வியினாற் பெற்ற ஒழுங்கும் உடன் நின்றது. கணக்குச் சாலையில் வரிவரியாக ஒப்பு நோக்கும் பழக்கமும் சுவடி ஆராய்ச்சிக்குத் துணைசெய்திருக்கும் என்று கருதுகின்றோம். உத்தியோகத்தையும் உள்ளத்து வேட்கையையும் பகையாக எண்ணி வருந்தும் அன்பர்கள் இதனைச் சற்றே சிந்திப்பாராக.

இனி, அவர் பெயர் ஒருநாளில் எழுந்ததன்று. 1854 இல் நீதிநெறிவிளக்கத்தைப் பதிப்பித்தார். அது சிறிய நூல். 1868 இல் தொல்காப்பியச் சொல்லதிகாரம் சேனாவரையர் உரையோடு வெளிவந்தபோது, அதனைப் பரிசோதித்தவர் ஆறுமுக நாவலர், அச்சேற்றுவித்தவர் தாமோதரம்பிள்ளை. நாவலர் பதிப்பென்றாற் பிழையற்றதெனக் கற்றார் நம்பி வாங்கிய காலம் அது. அப்பெயரின் நிழலில் நின்று தொழில் பயில்வதை அவர் இழிவாகக் கொள்ளவில்லை. தம் பெயரே முன்னிற்றல் வேண்டுமென முதனாளிலேயே முந்தும் அவசரம் அவரிடம் இருந்ததில்லை.

நாவலர் 1879 இல் மறைந்தார். நிழல் நீங்கியபின் வெயிலில் நிற்கும் வலிமை தமக்கு உண்டோ என்பது அப்பொழுதுதான் தெரியவேண்டியதாயிற்று. 1881 இல் வீரசோழியம், 1883 இல் இறையனார் களவியலுரை, 1885 இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887 இல் கலித்தொகை என ஒன்றன்பின் ஒன்றாகத் தம் பொறுப்பிலேயே வெளியிட்டார். தொட்டால் ஓரம் ஒடிந்தும், கட்டவிழ்த்தால் இதழ் முறிந்தும் அழிந்துகொண்டிருந்த ஏடுகளைப் பல ஊர்களிலிருந்து தேடிப்பெற்று, ஒன்றோடொன்று ஒப்புநோக்கி, கைப்பொருளையும் செலவிட்டு அவர் செய்த பணி இது. கலித்தொகை அச்சேறிய காலத்துச் சங்கத்தொகை நூல்களுட் பெரும்பாலன இன்னும் ஏட்டிலேயே கிடந்தன. பிறர் புகாத துறையிற் புகுந்து, அதனைவிட்டு அகலாது நின்றமையே அவரது பெயர்க்கு வேராயிற்று. நாளொரு துறையில் தலைகாட்டுவார்க்கு இவ்வேர் ஓடுவதில்லை.

இங்கே ஓர் ஐயம் எழலாம். இத்தகைய பெயர் பிழை நேர்ந்தால் அழியாதோ? பொருளதிகாரம் முழுமைக்கும் உள்ள உரை நச்சினார்க்கினியருடையது என்று கொண்டே அவர் 1885 இல் பதிப்பித்தார். அதன் பிற்பகுதியிலுள்ள இயல்கள் சிலவற்றின் உரை பேராசிரியருடையதென்பதைப் பின்வந்த அறிஞர் நிறுவினர். ஆயினும் அவ்வறிஞர்கள் ஆராய்வதற்கு உரை அச்சிற் கிடைத்தமைக்குக் காரணர் தாமோதரம்பிள்ளையே. ஏட்டோடு ஏடாய் அஃது அழிந்திருப்பின், யாருடைய உரை என்னும் வினாவே எழுந்திராது. வெற்று விளம்பரத்தாற் பெற்ற பெயர் ஒரு பிழையிற் சரியும். செய்பொருளாற் பெற்ற பெயர் திருத்தத்தையும் தாங்கும்.

கல்லூரி மாணவர்க்கு ஒரு பயிற்சி கூறுவாம். நூலகத்தில் 1868 ஆம் ஆண்டுச் சொல்லதிகாரமும் 1885 ஆம் ஆண்டுப் பொருளதிகாரமும் கிடைக்குமாயின், இரண்டன் முகப்புத் தாள்களையும் அருகருகே வைத்து, தாமோதரம்பிள்ளை பெயர் எவ்விடத்தில் எப்பணியோடு வருகின்றது என நோக்குக. இரண்டிற்கும் இடையே பதினேழு ஆண்டுகள் உள. அப்பதினேழு ஆண்டுகளில் அவர் என்ன கற்றார், எதனைச் செய்யாது விட்டார் என்பவற்றைத் தேடி எழுதிக் கொணர்க.