வேதபாடம் எடுக்கப் போகும் உனக்கு

கண்ணு, வருகிற ஞாயிறு முதல் வாலிபப் பிள்ளைகளுக்கு நீ வேதபாடம் எடுக்கப் போகிறாய் என்று கேட்டு மனம் நிறைந்தது. மரக்காணத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்தே நரைத்தவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

1. முதலில் அவர்கள் வீட்டைத் தெரிந்துகொள். உப்பளத்துக்குப் போகிற வீட்டில் விடியுமுன்பே அடுப்பெரியும். வெயில் ஏறுமுன் உப்பு வார வேண்டும். தம்பி தங்கைக்குத் தலைவாரிவிட்டு ஓடிவரும் பெண்ணிடம் "ஏன் லேட்டு?" என்று கேட்காதே. ஐப்பசி, கார்த்திகை மழையில் அளத்தில் வேலை இராது, கூலியும் இராது. அப்போது காணிக்கை பற்றி அழுத்திப் பேசாதே.

2. அவர்களைப் பேச விடு. ஒருநாள் மத்தேயு 5:13 வாசித்துவிட்டு, "உப்பு எப்படிச் சாரமற்றுப் போகும்?" என்று கேட்டேன். எப்போதும் வாய் திறக்காத பையன் ஒருவன் சொன்னான்: "குமிச்சு வச்ச உப்ப மூடாம வுட்டா மழையில கரைஞ்சு ஓடிடும். அடியில மண்ணுதான் நிக்கும். அத யாரு வாங்குவாங்க?" சாக்கடல் உப்பில் வேறு தாதுக்கள் கலந்திருக்கும், ஈரத்தில் உப்பு கரைந்து அவை மட்டும் மிஞ்சும் என்றுதான் விளக்கவுரைகளும் சொல்கின்றன. அடுத்த வாரம் அவன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

3. கேள்விக்குப் பயப்படாதே. பன்னிரண்டு வயதில் இயேசுவும் தேவாலயத்தில் கேள்வி கேட்டவர்தான். "2004இல் கிறிஸ்துமஸுக்கு மறுநாளே சுனாமி வந்ததே, ஆண்டவர் ஏன் விட்டார்?" என்பார்கள். அவசரப்பட்டு விளக்காதே. யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் பேசாமல் அவரோடு உட்கார்ந்திருந்தவரை ஆறுதலாகத்தான் இருந்தார்கள். வாயைத் திறந்தபிறகே காயப்படுத்தினார்கள்.

4. தூங்குகிறவனைக் கடிந்துகொள்ளாதே. துரோவாவில் பவுல் நடுராத்திரி வரை பேச, தூங்கிப்போன ஐத்திகு மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான். பவுல் இறங்கிப்போய் அவனை அணைத்துக்கொண்டார். நீயும் பாடத்தைச் சுருக்கு, பிள்ளையை அணைத்துக்கொள்.

5. நீ நடப்பதைத்தான் முதலில் வாசிப்பார்கள். ஊர்த் தெருப் பிள்ளை வீட்டில் டீ குடித்துவிட்டு, காலனிப் பிள்ளை வீட்டில் வாசலோடு திரும்பினால், எல்லாரும் கிறிஸ்துவுக்குள் ஒன்று என்னும் கலாத்தியர் 3:28ஐ மனப்பாடம் செய்யச் சொல்ல உனக்கு வாய் ஏது?

6. நம்பிச் சொன்னதைக் காப்பாற்று. பிள்ளையின் கண்ணீரை ஜெபக்குறிப்பாக்கிச் சபையில் வாசிக்காதே. ஆனால் யாராவது பிள்ளைக்குத் தீங்கு செய்கிறார்கள் என்று தெரிந்தால், சபையின் பெயர் கெடுமே என்று மூடிவைக்காதே. குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழை. குழந்தையைவிடப் பெரிய பெயர் சபைக்கு இல்லை.

7. பலனை உடனே தேடாதே. தஞ்சாவூர் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் திருநெல்வேலிச் சிறுவன் ஒருவனைக் கூட்டிவந்து படிக்கவைத்தார். 1798இல் ஐயர் காலமானார். அந்தச் சிறுவன்தான் வேதநாயக சாஸ்திரியார். 1864 வரை வாழ்ந்தார். அவர் கீர்த்தனைகளை இன்றும் சபைகளில் பாடுகிறோம். உன் முன்னால் உட்காரும் பிள்ளைகளில் யார் எப்படி வருவார்கள் என்று உனக்குத் தெரியாது. ஆகவே ஒருவரையும் ஒதுக்காதே. பத்துப் பேருக்குத் தயாராகிற மாதிரியே ஒரு பிள்ளைக்கும் தயாராகிப் போ.