கீறலும் ஒளியும்: பிரஸ்ஸாயின் சுவர்ப்படங்களில் கலையாக்கம்

கரியால் வரைந்த கோடு சுவரின்மேல் ஏறுகிறது. கத்தி முனையால் குடைந்த கீறல் சுவருக்குள் இறங்குகிறது. பாரிசு நகரத் தெருச்சுவர்களை 1930களின் தொடக்கம் முதல் பல்லாண்டுகள் ஒளிப்படமாக்கிய பிரஸ்ஸாய் (1899–1984) இரண்டாம் வகையையே பெரிதும் நாடினார். ஜூலா ஹாலாஸ் என்பது இவரது இயற்பெயர். பெயரறியாதோர் காரைப்பூச்சில் குடைந்த இரண்டு மூன்று குழிகள் கண்களாகவும் வாயாகவும் நின்று முகமாகிவிடும் நிலை இவருடைய படங்களில் மீண்டும் மீண்டும் வருகிறது.

குழி முகமாவதற்கு ஒளி வேண்டும். நேரொளியில் கீறல் தட்டையாகிறது. பக்கவாட்டிலிருந்து சாய்ந்து விழும் ஒளியிலோ குழிக்குள் நிழல் தேங்கி ஆழம் புலப்படுகிறது. கல்வெட்டாய்வாளர் எடுக்கும் மைப்படியோடு இதனை ஒப்பிடலாம். ஈரத்தாளைக் கல்லின்மீது அறைந்து மையொற்றும்போது பள்ளமான எழுத்து வெண்மையாகவும் சுற்றுப்பரப்பு கருமையாகவும் பதிகின்றன. அங்கு வேண்டுவது எழுத்தின் வடிவம் மட்டுமே. ஒளியின் திசைக்கு இடமில்லை. பிரஸ்ஸாயின் படமோ குறிப்பிட்ட ஒரு பொழுதின் ஒளியில் அமைந்த வாசிப்பு. எனவே அதனை வெறும் ஆவணம் எனல் பொருந்தாது. எங்கே சட்டகமிடுவது, எதை வெளியே விடுவது என்னும் தேர்வும் அவருடையதே.

1933இல் ‘மினோதோர்’ இதழில் வெளிவந்த கட்டுரையில் அவர் குகைச்சுவரையும் தொழிற்சாலைச் சுவரையும் ஒரே தொடர்ச்சியில் வைத்தார். கவர்ச்சியான கருத்துதான்; எனினும் தெருவில் கீறியவரின் காலத்தையும் வாழ்வையும் அது எளிதில் மறைத்துவிடுகிறது. இக்கருத்தைக் காட்டிலும் அவரது நடைமுறையே ஆய்வுக்கு வலுவான சான்று. கீறல்கள் இருந்த இடங்களை அவர் சிறு குறிப்பேடுகளில் பதிந்துவைத்தார்; சிலவற்றை ஆண்டுகள் கழித்துத் தேடிச்சென்று மீண்டும் படமெடுத்தார். மழையும் பிறர் கைகளும் சுவரில் செய்த மாற்றங்கள் இவ்வாறு அவரது பணிக்குள் வந்தன. கீறல், முடிந்த படைப்பாக அன்றி வளர்ந்தும் தேய்ந்தும் செல்வதாக இங்கே நிற்கிறது.

1956இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் இப்படங்களைக் காட்சிப்படுத்தியது. 1960இல் வெளிவந்த நூல் அவற்றைக் காதல், இறப்பு, மந்திரம், விலங்கு எனப் பொருள்வாரியாகப் பகுத்தது. இப்பகுப்பில் கீறல் கலைத்தகுதி பெறுகிறது; தெருவும் ஆண்டும் பின்னுக்குச் செல்கின்றன. பெயரறியாத கைகளின் படைப்பாக இவற்றை ஆராய முற்படுவோர், நூலின் அருகில் அக்குறிப்பேடுகளையும் விரித்துவைத்தே தொடங்க வேண்டியுள்ளது.