மடிக்கணினியும் புற வரைகலை அட்டையும்

தாதர் ரயில் நிலையத்தில் மேற்கு ரயில்வேயும் மத்திய ரயில்வேயும் சந்திக்கின்றன. 2023 டிசம்பர் 9க்கு முன் இரண்டும் தத்தம் நடைமேடைகளுக்குத் தனித்தனியே 1 முதல் எண்ணிட்டிருந்தன. ‘ஒன்றாம் நடைமேடை’ என்றால் எந்த ஒன்று என வெளியூரார் திகைப்பர். அந்நாளில் மேற்குப் பகுதியின் 1 முதல் 7 வரையிலான எண்கள் அவ்வாறே நிற்க, மத்தியப் பகுதிக்கு 8 முதல் 14 வரை வழங்கப்பட்டன.

இதனையொத்த பணி மடிக்கணினியைத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் அதனுள் நிகழ்கின்றது. இயங்குதளம் எழுமுன், தாய்ப்பலகையின் சிறு சில்லில் பதிந்துள்ள ஃபர்ம்வேர், அதாவது நிலைபொருள், இணைந்துள்ள கருவிகளைக் கண்டறிந்து ஒவ்வொன்றிற்கும் எண்ணும் முகவரிப் பரப்பும் ஒதுக்குகின்றது. பயாஸ் என்று நாம் அறிந்திருப்பது இதன் பழைய வடிவமே.

தாதரில் என் அண்டை வீட்டுப் பொறியியல் மாணவர் ஒருவர், புதுக் கணினி வாங்க வசதியின்றி, பழைய வரைகலை அட்டை ஒன்றை வாங்கித் தனிப் பெட்டியில் பொருத்தி, கம்பிவடம் வழியே தம் மடிக்கணினியுடன் இணைத்தார். விண்டோஸ் அட்டையை இனங்கண்டது. ஆயினும் போதிய வளமில்லை என்று 12ஆம் எண் பிழையைக் காட்டி நின்றுவிட்டது. அட்டையிலும் வடத்திலும் பழுதில்லை. இத்தகைய அட்டை பொதுவாக 256 மெகாபைட் அளவில் தொடர்ச்சியான முகவரிப் பரப்பைக் கோரும். 32 பிட் முகவரியின் எல்லை 4 கிகாபைட். அதற்குள் நினைவகமும் பிற கருவிகளும் இடம்பிடித்துவிட்டால் புதியதற்கு இடமில்லை. அவ்வெல்லைக்கு மேலே இடம் ஒதுக்க நிலைபொருள் இசைந்தால் சிக்கல் பெரும்பாலும் தீரும். மேசைக்கணினிகள் பலவற்றில் இதற்கெனத் தெரிவு உண்டு. மடிக்கணினிகளிலோ அது மறைக்கப்பட்டிருக்கும், அல்லது இராது. மாணவர் தயாரிப்பாளருக்கு இருமுறை எழுதினார், விடை வரவில்லை.

தயாரிப்பாளரின் தயக்கம் முற்றிலும் காரணமற்றதன்று. இவ்வாறு இணையும் புறக்கருவி நினைவகத்தை நேரடியாக அணுக வல்லது. 2020இல் வெளியான ‘தண்டர்ஸ்பை’ ஆய்வு, தண்டர்போல்ட் இணைப்பின் காவலை மீற இயலும் என்று காட்டிற்று. ஆயினும், அபாயத்தை எடுத்துரைத்து உரிமையாளரிடம் தெரிவை விடுவது வேறு; கதவையே சுவராக்குவது வேறு.

இத்துறையில் நம்மவர் திறன் குறைந்ததன்று. நிலைபொருள் எழுதும் பெரிய நிறுவனங்கள் உலகில் மிகச் சிலவே. அவற்றுள் ஒன்றான அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸை 1985இல் அமெரிக்காவில் நிறுவிய இருவருள் ஒருவர் சுப்பிரமணியன் சங்கர். அந்நிறுவனத்தின் கிளை சென்னையில் இயங்குகின்றது. எனினும் எந்தத் தெரிவைப் பயனருக்குக் காட்டுவது என்னும் முடிவு மடிக்கணினியை விற்கும் நிறுவனத்தின் கையில் உள்ளது.

அந்நிறுவனத்தை இணங்கச் செய்யும் வலிமை மாணவருக்கு இல்லை. மொத்தமாக வாங்கும் அரசு அலுவலகங்களுக்கு உண்டு. நம் ஒப்பந்தப்புள்ளிகளில் செயலி, நினைவகம், வட்டு ஆகியவற்றை எழுதுகின்றோம். நிலைபொருளைப் பற்றி எழுதுவது அரிது. யூ.எஸ்.பி.-சி வடிவத் துளை இருப்பதனால் மட்டும் அது தண்டர்போல்ட் ஆகிவிடாது. தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. 2015இல் வந்த தண்டர்போல்ட் 3 நொடிக்கு 40 கிகாபிட் வரை கடத்தும். சாதாரணத் துளைகள் பலவற்றில் புற வரைகலை அட்டை இயங்கவே இயங்காது. ஆகவே துளையின் வகை, 4 கிகாபைட்டுக்கு மேற்பட்ட முகவரி ஒதுக்கீடு, நிலைபொருள் திருத்தங்கள் எத்தனை ஆண்டுகளுக்கு வழங்கப்படும் என்பன கொள்முதல் குறிப்பிலேயே இடம்பெற வேண்டும்.