எடை குறைந்த துகளும் தப்பிய ஒளியும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

தறி உள்ள வீடுகளில் எடையைப் பற்றிய பேச்சு ஓயாது. முதலாளி பட்டையும் சரிகையையும் நிறுத்துக் கொடுப்பார். நெய்து வரும் சேலையை மறுபடி நிறுத்து வாங்குவார். குறைந்தால் நெய்தவர் கணக்குச் சொல்ல வேண்டும். இதே கணக்கை அணுவினும் சிறிய துகள்களிடம் இயற்பியலார் கேட்கிறார்கள் என்பதை இவ்வாண்டுதான் அறிந்தேன்.

ஹைட்ரஜன் அணுவின் எலெக்ட்ரான் மேல் சுற்றுக்கு ஏறுவதைக் கிளர்வு நிலை என்று படித்திருக்கிறோம். குவார்க்கும் எதிர்க்குவார்க்கும் பிணைந்த மேசானுக்கும் இந்நிலைகள் உண்டு. ஏறிய ஆற்றல் ஐன்ஸ்டீன் சமன்பாட்டின்படி கூடுதல் நிறையாகத் தெரியும். சார்ம் குவார்க்கும் பாட்டம் எதிர்க்குவார்க்கும் சேர்ந்தது பி.சி. மேசான். இதை 1998-இல் அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வகத்தில் கண்டார்கள். நிறை ஏறத்தாழ 6275 மெகா எலெக்ட்ரான் வோல்ட். ஒரே மோதலில் இரு வகைக் கன குவார்க்குகளும் பிறக்க வேண்டுமாதலால் இது அரிது.

கிளர்வுற்ற பி.சி. தடம் எதுவும் பதிக்காமலே சிதைந்து, சாதாரண பி.சி.யையும் இரு பையான்களையும் தரும். நொடியை இலட்சம் கோடியாகப் பங்கிட்டால், அதில் அரைப் பங்கு நேரமே அந்தப் பி.சி.யும் இருக்கும். எஞ்சியவற்றின் ஆற்றலையும் உந்தத்தையும் கூட்டித்தான் தாய்த்துகளின் நிறையை அறிய வேண்டும்.

ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில், 2014-இல் அட்லஸ் குழு 6842 அருகே ஒரு முகட்டைக் கண்டது. 2015 முதல் 2018 வரை திரட்டிய புரோட்டான் மோதல்களை ஆராய்ந்த சி.எம்.எஸ். குழு, 2019-இல் 29 மெகா எலெக்ட்ரான் வோல்ட் இடைவெளியில் இரண்டு முகடுகளைப் பிரித்துக் காட்டியது. மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனமும் நம் சென்னை ஐ.ஐ.டி.யும் அக்குழுவில் உண்டு.

வியப்பு இனிமேல்தான். இரு குவார்க்குகளின் தற்சுழற்சியும் ஒரே திசையில் அமைந்த துகளே கனமானது என்கிறது கோட்பாடு. ஆனால் அதன் முகடு இடப்புறம், குறைந்த நிறையில் நிற்கிறது! காரணம், அது சிதையும்போது ஒரு போட்டானும் வெளியேறுகிறது. அதன் ஆற்றல் மிகச் சிறிது, கருவியில் சிக்குவதில்லை. தற்சுழற்சியால் வரும் நிறை வேற்றுமை கிளர்வு நிலையில் சிறிது, அடிநிலையில் பெரிது. போட்டான் கொண்டுபோவது அந்தப் பெரிய வேற்றுமையை. ஆகவே கூடுதலாக இருந்ததைவிடக் குறைந்தது அதிகமாகிவிடுகிறது.

இதை நான் தாளில் கழித்துப் பார்த்து நம்புவதற்கு ஒரு மாலை பிடித்தது.

வலப்புற முகட்டின் நிறை 6871 என்று குழு வெளியிட்டது. இடப்புறத் துகளுக்கு அந்தக் கட்டுரையில் நிறை குறிக்கவில்லை. போட்டான் கையில் இல்லையே!