கடல் கடக்குமுன் காகிதங்களைச் சீர்செய்வோம்

பெங்களூருவிலிருந்து பணிக்கோ மேற்படிப்புக்கோ அயல்நாடு செல்வோர் விசாவையும் விமானச் சீட்டையுமே முதலில் எண்ணுகின்றனர். ஆனால், பயணத்தைத் தடுப்பது சில வேளைகளில் பெயரின் முன்னெழுத்தாக இருக்கும்.

பெயர் ஒப்பீடு: பட்டச் சான்றிதழில் ‘மு. கவிதா’ என்றும், கடவுச்சீட்டில் ‘கவிதா முருகேசன்’ என்றும் இருந்தால், இருவரும் ஒருவரே என்பதை அயல்நாட்டு அலுவலர் தாமாக அறியார். எனவே அனைத்து ஆவணங்களிலும் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர் ஆகியவற்றை ஒப்பிட்டு, வேறுபாடுகளை முதலில் திருத்திக்கொள்க.

சான்றொப்பம்: 1961ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை இந்தியாவில் 2005 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படியான ‘அப்போஸ்டில்’ சான்றை வெளியுறவு அமைச்சகம் வழங்குகிறது. அதற்குமுன், ஆவணம் பிறந்த மாநிலத்தின் சான்றொப்பம் பொதுவாகத் தேவைப்படும். கோவையில் பெற்ற பட்டத்திற்குத் தமிழ்நாட்டிலும், பெங்களூருவில் பிறந்த குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்குக் கர்நாடகத்திலும் அதனைப் பெறவேண்டும். ஆகவே போதிய காலம் ஒதுக்குக. ஐக்கிய அரபு அமீரகம் இவ்வுடன்படிக்கையில் சேராததால், அங்குச் செல்வோர் தூதரகச் சான்றொப்பம் பெறுவர். இந்தியா சேர்ந்தபோது ஜெர்மனி மறுப்புத் தெரிவித்தது. அங்குச் செல்வோர் அந்நாட்டுத் தூதரகத்தின் விதிகளை முன்னரே அறிந்துகொள்க. காவல்துறை நன்னடத்தைச் சான்றிதழைக் கடைசியில் பெறுக; பல நாடுகள் அண்மையில் பெற்றதையே ஏற்கின்றன.

வங்கிக் கணக்கு: அயல்நாட்டுப் பணிக்காகச் செல்பவர், 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி வெளிநாடுவாழ் இந்தியராகிறார். அவரது சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றவேண்டும். வாடகை, ஓய்வூதியம் போன்ற உள்நாட்டு வருவாய் அதில் சேரும். அதன் வட்டிக்கு வரி உண்டு. அயல்நாட்டு ஊதியத்தை என்.ஆர்.இ. கணக்கில் சேர்க்கலாம், அதன் வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி இல்லை, அசலையும் வட்டியையும் தடையின்றி வெளிநாட்டிற்கு எடுத்துச் செல்லலாம்.

அதிகாரப் பத்திரம்: வீட்டையும் முதிய பெற்றோரின் தேவைகளையும் கவனிக்க நம்பகமான ஒருவருக்கு அதிகாரம் அளிப்பதாயின், புறப்படுமுன்பே எழுதிவிடுக. அயல்நாட்டில் எழுதினால் இந்தியத் தூதரகத்தின் சான்றைப் பெறலாம். பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் முத்திரைத் தீர்வையும் செலுத்தவேண்டும்.

மூல ஆவணங்களைக் கைப்பையில் வைத்துக்கொள்க. நகல்தொகுப்பு ஒன்றை வீட்டில் விட்டுச் செல்க. தந்தைக்கு நள்ளிரவில் மருத்துவச் செலவு நேர்ந்தால், கடலுக்கு அப்பால் இருப்பவருக்குத் துணைநிற்பவை இன்று ஒழுங்குசெய்த இக்காகிதங்களே.